நடுப்பலகைக்கு இரண்டு கேன்

பிப்ரவரி 3

தொழிற்சாலைகளையே நடுங்க வைக்கும் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு, பெற்றவன் எழுதிக்கொள்வது,

நான் நலம். உன் தொழிற்சாலைகளில் எல்லாருக்கும் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனை எடுப்பதில்லை என்று கோபிக்காதே. இந்த ஏரிக்கரையில் டவர் கிடைப்பது மாமியார் வாயால் நல்ல பேர் கிடைப்பது மாதிரி.

அம்மா காரியத்துக்கு வந்தபோது நீ எழுதி ஒட்டிய பன்னிரண்டு விதிகளும் சமையலறைச் சுவரில் இருக்கின்றன. பெட்ரோலை மோட்டாரை அணைத்து, ஆறவிட்டுத்தான் ஊற்றுகிறேன். கியர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஸ்டார்ட் செய்கிறேன். மோட்டார் சூடாகாமலிருக்க பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்றும் பார்க்கிறேன். லைஃப் ஜாக்கெட் போட்டால் கல்யாணப் பூசணிக்காய் மாதிரி இருக்கிறேன். போட்டுக்கொள்கிறேன்.

படகில் தனியாக உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. ‘நடுவுல வெயிட் வைங்க சார்’ என்றான் மெக்கானிக் ஸ்பேனர். அதனால் நடுப்பலகையில் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருக்கிறேன். தராசில் நிறுத்துப் பார்த்து, ஐம்பத்தெட்டு கிலோ. உன் அம்மா ஐம்பது என்றுதான் சொல்லிக்கொள்வாள். நாம் உண்மையையே வைப்போம்.

சிவப்புக் கயிறு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடேன்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 16

அன்புள்ள அப்பா,

விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு நுனி மோட்டாரின் சுவிட்சில், மறுநுனி உங்கள் மணிக்கட்டில். நீங்கள் விழுந்தால் கிளிப் கழன்று மோட்டார் நிற்கும். இல்லையென்றால் படகு உங்களை விட்டுவிட்டுச் சுற்றும், திரும்பி உங்கள் மேலேயே வரும். நான் படம் பார்த்திருக்கிறேன் அப்பா. பாடமாக எங்களுக்குக் காட்டுவார்கள்.

ஸ்பேனர் அண்ணன் சொன்னார், அம்மா இருந்தவரை அந்தக் கயிற்றை அவள்தான் கட்டிக்கொள்வாளாமே. என்ன கூத்து இது?

படகை விற்றுவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்றேன், கேட்கவில்லை. சரி. ஆனால் ஒருநாள் கயிறு இல்லாமல் போனதாகத் தெரிந்தாலும் நானே வந்து படகை விற்பேன். இது மிரட்டல்தான்.

இந்த மாதமும் லீவு இல்லை. அடுத்த மாதம் பார்க்கிறேன். கண் சொட்டு மருந்து போடுகிறீர்களா?

உங்கள் மகள்


மார்ச் 1

அன்பு மகளுக்கு,

மிரட்டல் கிடைத்தது. மருந்து போடுகிறேன். பாதி கண்ணில், பாதி காதில்.

கூத்து என்றா கேட்டாய்? கேள். மோட்டார் ஓடும்போது இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது. நான் மோட்டார் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால், அவள் நடுப்பலகையில் என்னைப் பார்த்தபடி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கயிற்றை வெடுக்கென்று இழுப்பாள். மோட்டார் நின்றுவிடும். ‘அந்தக் கொக்கப் பாருங்க’ என்பாள். இல்லாவிட்டால், ‘உங்க தங்கச்சி அன்னிக்கு அப்படிப் பேசினது சரியா?’ பதினாறு வருஷத்துக்கு முந்தைய பேச்சாக இருக்கும். நடு ஏரியில் நான் எங்கே எழுந்து போவது? முழுவதும் கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் செய்யவேண்டும்.

அதெல்லாம் முடிந்த கதை. இப்போது நான் ஒழுங்காக என் மணிக்கட்டில்தான் மாட்டுகிறேன். கவலைப்படாதே.

லீவு கிடைத்தால் சொல். கட்டில் மெத்தையை வெயிலில் போடவேண்டும்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 29

அப்பா,

நாலு வாரமாகக் கடிதம் இல்லை. போனும் இல்லை. ஸ்பேனர் அண்ணனைக் கேட்டால், ‘சாரே எழுதுவார்மா’ என்கிறார். அவர் அப்படி வார்த்தையை எண்ணிப் பேசுகிற ஆள் இல்லையே. என்ன நடந்தது? உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்று. நான் முழுசாக இருக்கிறேன். விரல்கள் பத்து. எண்ணிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை நாள் எழுதாதது வெட்கத்தால்.

போன கடிதத்தில் பொய் சொன்னேன். கயிற்றை ஒருநாளும் நான் மாட்டவில்லை. கேனின் கைப்பிடியில்தான் மாட்டுவேன். முதல் நாள் கை தானாக நடுப்பலகைக்கு நீண்டுவிட்டது. மறுநாள் தெரிந்தே செய்தேன். தன் கையில் மாட்டிக்கொள்வது தனியாகப் போகிறவன் செய்கிற வேலை என்று பட்டது. முட்டாள்தனம்தான். உன் அப்பன் எட்டாவது இரண்டு தடவை படித்தவன் என்பது உனக்குத் தெரியாததா.

மார்ச் 12 காலை ஒரு கேன் சரிந்தது. நிமிர்த்திவைக்க எழுந்தேன். மோட்டார் ஓடும்போது எழுந்து நிற்கக்கூடாது, அது உன் நாலாவது விதி. கேனை நிமிர்த்திய நேரத்தில் மோட்டார் கைப்பிடி ஒருபக்கம் திரும்பிக்கொண்டது, படகு சுழன்றது, நான் தண்ணீரில். கயிறு மாட்டிய கேன் அசையவில்லை. மோட்டாரும் நிற்கவில்லை.

நீ சொன்னபடியே திரும்பி வந்தது. பூசணிக்காய் ஜாக்கெட் என்னை மிதக்க வைத்தது. கையைக் காலை அடித்து ஒதுங்கி, நீருக்குள் நின்ற பட்டமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் படகு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. கேன்கள் இரண்டும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சிரிப்புக்கூட வந்தது.

பிறகு பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றது.

அதைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும். சத்தம் நின்றதும் நான் பேச்சுக்காகக் காத்திருந்தேன். பழக்கம். மோட்டார் நின்றால் அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அர்த்தம். ‘நல்லா வேணும்’ என்றாவது சொல்வாள் என்று மரத்தைக் கட்டிக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்பேனர் வந்து இழுத்துப் போட்டான். ‘வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா சார்?’ என்றான். பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். அவனைத் திட்டாதே.

படகை விற்கத்தானே வருவாய்? விற்கலாம். உன் இஷ்டம். அதற்குள் கை சும்மா இருக்காது, என்னை எனக்குத் தெரியும். அதனால் சிவப்புக் கயிற்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அதன் கிளிப் இல்லாமல் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. ஸ்பேனரிடம் வேறு நாலு இருக்கிறது, தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். நடுப்பலகையைத் துடைத்துவைத்திருக்கிறேன். விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்து உட்காருவாயா? நீ கொண்டுவரும் கயிற்றை என் கையிலேயே மாட்டிக்கொள்கிறேன். நீ ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கையைக் காட்டு, நானே நிறுத்துகிறேன்.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கயிறு உன்னிடமே இருக்கட்டும்.

மெத்தை வெயிலில் கிடக்கிறது.

அப்பா