மூடிமேல் ஒட்டிய பெயர்

ப்ளம் ஃபோர்க், அயோவா
செப்டம்பர் 18, 1961

அன்புள்ள தங்கை லியோனாவுக்கு,

நீ ரயிலேறிய மறுநாளே எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. இங்கே நான் சுகம். நீயும் சுகம்தான். சுகத்துக்கு உனக்கு என்ன குறை?

தேவாலயத்து அறுப்பு விருந்தில் நீ வைத்த உருளைக்கிழங்கைத்தான் ஊரே பேசுகிறது. கெர்ட்டி லுண்ட் தபாலாபீஸில் வழிமறித்து, "ஆல்மா, உன் தங்கச்சி கைப்பக்குவம் யாருக்குடி வரும்? அவ என்னதான் போட்டான்னு கேட்டுச் சொல்லேன்" என்கிறாள். ஒரே அடுப்பு, அம்மாவின் ஜோடிப் பாத்திரங்கள், அம்மா சொல்லிக்கொடுத்த அதே பாலேடும் பன்றி இறைச்சியும். உன்னுடையது வழித்துத் துடைத்தாற்போல் காலி. என்னுடையதில் போதகர் மரியாதைக்கு எடுத்த ஒரு கரண்டிப் பள்ளம்.

இதையும் கேட்டுக்கொள். 'என் பாத்திரம் காலியாகத்தான் வீடு திரும்புகிறது' என்று வருஷா வருஷம் உனக்கு எழுதினேனே, அத்தனையும் பொய். அப்பாவின் தானியக் கிடங்கு வெடித்து மூன்று பேர் செத்ததிலிருந்து, மூடிமேல் ஸ்ட்ரூவ் என்று நம் குடும்பப் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிய பாத்திரத்தில் இந்த ஊர் கரண்டி வைத்ததில்லை. தானியம் ஏற்றும் பெல்ட் புகைகிறது என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, "நிறுத்தாத, வெளிய வண்டி நிக்குது" என்றவர் அப்பா. பெயரைச் சுமப்பவள் நான். நீ கல்யாணம் கட்டி ஹல்வோர்சன் ஆகிவிட்டாய்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். உன்னை டீச்சருக்குப் படிக்க வைத்தார்கள். புருஷன் உனக்கு, கடற்காற்று உனக்கு. போகட்டும் என்றிருந்தேன். உருளைக்கிழங்குமா?

நீ விட்டுப்போன காலிப் பாத்திரத்தைப் பார்க்கச் சகிக்காமல், கழுவாமலே செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். என்னுடையதை அப்படியே கோழிகள் முன் வைத்துவிட்டேன். நவம்பரில் தேவாலயத்து நன்றி நாள் விருந்துக்கு எதுவும் கொண்டுபோவதாக இல்லை. இனி எதற்குமே இல்லை.

ஆல்மா


சியாட்டில்
செப்டம்பர் 27, 1961

அன்புள்ள அக்காவுக்கு லியோனா எழுதுவது.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். நான் சொல்வதைத் திட்டாமல் படி. திட்டுவாய், தெரியும்.

அந்தச் செய்தித்தாளைப் பிரி. பாத்திரத்தின் கைப்பிடிக்குக் கீழே தடவிப் பார். ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சின்ன வயதில் நீ பம்படியில் போட்டது. அது உன் பாத்திரம், அக்கா. அங்கே கோழி கொத்துவதுதான் என்னுடையது.

நீ உடுப்பு மாற்றப் போயிருந்தபோது பெயர் ஒட்டிய இரண்டு மூடிகளையும் நான் மாற்றி வைத்தேன். ஏன் என்று கேட்பாய். உன் கடிதங்களால்தான். காலி, காலி என்று வருஷா வருஷம் எழுதினாய். இங்கே பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அம்மாவின் அடுப்பும் அப்பாவின் கல்லறையும் உன்னிடம், அதோடு ஊரின் பாராட்டும் உனக்கா என்று வயிறு எரிந்தது. உன்னுடையதன் பக்கத்தில் இருந்தால் என்னுடையதை ஒருவரும் சீண்டமாட்டார்கள் என்று பயந்தேன். ஒரு நாளாவது அந்தப் பாராட்டை வாங்கிப் பார்க்க ஆசை. வாங்கினேன். அது உனக்குச் சேரவேண்டியது.

பெயரைப் பார்த்துச் சாப்பிடுகிற ஊரில் ஏன் கிடக்கிறாய்? வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு. மாடி அறை சும்மாதான் இருக்கிறது.

உன் லியோனா


ப்ளம் ஃபோர்க்
நவம்பர் 24, 1961

லியோனா,

அன்புள்ள என்று போட இன்னும் மனம் வரவில்லை. சில்லைத் தடவிப் பார்த்தேன். உன்னை என்னவெல்லாம் சொன்னேன் என்பது கோழிகளுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: இந்த ஊர் என் உருளைக்கிழங்கை வழித்துத் தின்றிருக்கிறது.

நேற்று நன்றி விருந்துக்குப் போனேன். டேப்பில் 'ஆல்மா ஸ்ட்ரூவ்' என்று தடியாக எழுதி மூடியில் ஒட்டி, பக்கத்திலேயே நின்றேன். கெர்ட்டி தட்டோடு வந்தாள். செத்த மூவரில் ஒருவர் அவள் அப்பா என்பது உனக்கு மறந்திருக்காது.

"லியோனா வரலியா? அவ செஞ்சது இல்லியா இன்னிக்கு?"

"அன்னிக்கு ரெண்டு தடவ வாங்கித் தின்னியே, அது நான் செஞ்சது. மூடி மாறிப்போச்சு."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. கெர்ட்டி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேர மறச்சு வச்சா நீ தின்னுடுவ. நான் மறைக்கப் போறதில்ல, கெர்ட்டி. எங்கப்பா செஞ்சது செஞ்சதுதான். வேணுமா வேணாமா?"

அவள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நின்றபடியே ஒரு வாய் தின்றாள்.

"உப்பு கம்மி" என்றாள். "அன்னிக்குச் சரியா இருந்துச்சு."

இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் சிலர் எடுத்தார்கள். சிலர் தாண்டிப் போனார்கள். பாதி வீடு திரும்பியது. பாதி என்றே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

சியாட்டிலுக்கு வரமாட்டேன். அங்கே உப்பு கம்மி என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் பாத்திரத்தைக் கோழிக்கூண்டிலிருந்து எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். வரும் அறுப்பு விருந்துக்கு வந்து அதில் சமை. மூடியில் 'லியோனா ஸ்ட்ரூவ்' என்று எழுதி ஒட்டு. யாருடையது எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஊர் முன்னால் பார்த்துவிடலாம்.

மூடியை மட்டும் நான் போடுகிறேன்.

உன் அக்கா
ஆல்மா