வாசலில் நீட்டிய கை

அன்புள்ள என்னவளுக்கு,

உன் அண்ணன் மகளின் பிரசவத்துக்கென்று போனாய். குழந்தை இந்நேரம் நடக்கத் தொடங்கியிருக்கும். நான் சுகம்தான். சமையல் பழகிவிட்டது, உப்புதான் இன்னும் பிடிபடவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, சபையார் என் உள்ளங்கையில் நோட்டை மடித்து வைப்பார்களே, அதையும் வருமானமென்று காட்டி வரி கட்டினேன் அல்லவா? "ஊர்ல இல்லாத நேர்மை உங்களுக்கு எதுக்கு?" என்று நீகூடக் கேட்டாய். சபைப் பொருளாளருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"பாஸ்டர், அது காணிக்கை. கடவுளுக்கே வரி போடுவீங்களா?"

"அரிசி வாங்கித் தின்னது நான்தானே அண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது, "கை கொடுத்தா கணக்குல எழுதிடுவாரு" என்று கேலி பேசிக்கொண்டே எல்லோரும் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விடுகிறார்கள். நான் பழக்கதோஷத்தில் பெரிய வாசலில் கையை நீட்டியபடி நிற்கிறேன். நோட்டு போனதில் வருத்தமில்லை.

போன ஞாயிறு எல்லோரும் போனபின், என் வலக்கையை நானே இடக்கையால் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

வரும்போது எதையும் வாங்கி வராதே. வெறுங்கையோடு வா.

இன்னமும்
உன் வீட்டுக்காரன்