பொலி பெருகச் சொன்னவர்

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம், மச்சான். குண்டு விழ இன்னும் ஒரு மாதம் கிடந்தது. யுத்தப் பயத்தில் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார், அறுத்துக் குவித்த சூட்டைச் சீக்கிரம் அடித்து நெல்லை எடுக்கச் சொல்லி உங்களை நெருக்கிக்கொண்டிருந்தார். இன்று என் வேலியோரம் யாரோ புது வைக்கோல் குவித்திருக்கிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் பழைய கோபம் வந்துவிட்டது. நீங்கள் செத்தும் அது ஆறவில்லை.

நீங்கள் எங்கள் முல்லைக்காரர். வயலில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தலைவர். போடியார் எங்களோடு நேரே பேசமாட்டார். போகிற சொல்லும் வருகிற சொல்லும் உங்கள் வாயால்தான். வீட்டிலும் அதே கதை. என் மனைவி பூரணம் உங்கள் தங்கச்சி. அவள்மேல் எனக்குக் குறையென்றால் உங்களிடம் சொல்வேன். என்மேல் அவளுக்குக் குறையென்றாலும் உங்களிடம்தான் வருவாள். அவ்வளவு நம்பியிருந்தோம்.

சூடடிக்கிற களவெட்டியில் கால் வைத்தால் பேச்சே மாறும். நெல்லைப் பொலி என்போம், மாட்டை வாரிக்காலன் என்போம். இல்லை, முடிந்தது, செத்தது என்று எவரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பொலி குறைந்துவிடும். அன்று காலை நான் வாய் தவறி, குடிக்கத் தண்ணீர் இல்லை என்றுவிட்டேன். வாய்க்காலில் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லி விரட்டினீர்கள்.

"அவன்ட நினைவெல்லாம் வாவிக்கு அங்கால. பெண்டாட்டிக்கு மாசம் நிறைஞ்சிட்டெல்லோ," என்றான் ஒருவன்.

"பிள்ளை பெறப்போறது இவன்தான் போலக் கிடக்கு," என்றீர்கள் நீங்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உச்சி வெயிலில் காத்தான்குடி இஸ்மாயில் காக்கா வந்தார். வாவியைத் தாண்டி, எங்கள் வயல் கிடக்கிற படுவான்கரைக்குத் தோணியில் சாமான் கொண்டுவந்து விற்கிறவர். வரம்பிலேயே நின்று உங்களைக் கைகாட்டி அழைத்துக் காதோடு ஏதோ சொன்னார். தலையாட்டினீர்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துறைப்பக்கம் போனார்.

"காக்கா என்ன சொன்னவர் மச்சான்?"

"பொலி பெருகட்டும் எண்டு சொன்னவர். நீ வாரிக்காலனைச் சாய்."

நானும் பொலி பொலி என்று கத்திக்கொண்டு மாடுகளின் பின்னால் சுற்றினேன். தூற்றி அளந்து மூடையும் கட்டியாயிற்று. வெயில் சாய்ந்த பிறகு, "வீட்டை போ, பூரணத்துக்கு நோக்காடாம்," என்றீர்கள், அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி. துறைக்கு ஓடினேன். காக்கா தோணியிலேயே இருந்தார்.

"உச்சியில இருந்து நிக்கன் மனே. இந்தா அனுப்பிறன் எண்டெல்லோ முல்லைக்காரர் சொன்னவர்."

நான் ஆரையம்பதியில் வீட்டுப் படலையைத் திறந்தபோது பெண்களின் அழுகைச் சத்தம் கேட்டது. மருத்துவிச்சி கையில் பிள்ளை இருந்தது. "கண் மூடுமட்டும் உன்னையத்தான் கேட்டுக்கேட்டுக் கிடந்தவள்," என்றாள்.

பின்னால் வந்த உங்களைச் சட்டையில் பிடித்தேன். "பொலியில நிக்கிறவனுக்குக் கெட்ட சொல் சொல்லேலுமாடா? எல்லாம் நல்லா முடியும் எண்டு நினைச்சன்," என்றீர்கள். நல்லா முடியும் என்று நினைக்க நீங்கள் யார்? அவள் என்னைத்தானே கூப்பிட்டாள். போடியாருடைய நெல்லுக்குக் கொடுத்த மரியாதையை உங்கள் தங்கச்சியின் வாய்ச்சொல்லுக்குக் கொடுக்கவில்லையே.

அதோடு விட்டீர்களா? பூரணத்தின் முப்பத்தொன்றாம் நாள் கடன் முடிந்த அன்று, "பிள்ளை வளர்ந்து கேட்டால், தாய்ட தலைமாட்டில நீ இருந்தனி எண்டு சொல்லு," என்றீர்கள். அந்தப் பொய்யையும் என் வாயில் வைத்தீர்கள். நானும் சொன்னேன். அதனால் உங்கள்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்.

நான் பள்ளிக்கூடம் மிதித்தவனில்லை. அன்றிலிருந்து படித்ததெல்லாம் மனிசருடைய பேச்சைத்தான். வயல்வட்டையிலும், கலியாண வீட்டிலும், அடுப்படியிலும் யார் யாருக்கு எதைச் சொல்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று பார்த்தேன். விழுங்குகிறவர்கள் எல்லாரும், உன் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். விழுங்கியவருக்கு அது செரித்துவிடுகிறது. கேட்க வேண்டியவன்தான் ஆயுளுக்கும் அந்தப் படலையைத் திறந்துகொண்டிருக்கிறான்.

அன்று களத்தில் நின்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். காக்காவும் போனார், மருத்துவிச்சியும் போனாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் சற்று முன் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அம்மாட தலைமாட்டில நீங்க இருக்கல்லையா?"

"இருக்கல்ல மகள். எழுது."

பேனையை எடுத்துத் திரும்பவும் எழுதுகிறாள். அந்த நாளில் என்னைத் தவிர மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான், மச்சான். அன்று பிறந்த உங்கள் மருமகள், நாகம்மா.