உமக்குச் சொன்ன ஊர்

என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நேரில் கேட்க ஏலாமல்தான் எழுதுகிறேன்.

இயக்கத்திலிருந்து திரும்பி, அப்பாவின் நண்டுக் கொம்பனியைப் பொறுப்பெடுத்து ஏழு வருடமாகிறது. இன்னும் என்னை விசாரிக்க அந்தப் புலனாய்வு ஆள் வருகிறார். நான் போகிற இடமெல்லாம் அவருக்கு முன்னமே தெரிகிறது.

அதனால் காட்டில் பழகிய வழியில் ஒரு சோதனை வைத்தேன். ஞாயிறு எங்கே போகிறேன் என்று ஆளுக்கொரு பொய் சொன்னேன். தம்பிக்கு நெடுந்தீவு, சாரதி எமிலியானுஸ் அண்ணைக்கு வேலணை, உமக்கு மன்னார்.

நேற்று ஞாயிறு. நம் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி அவர் கேட்டார்: "என்ன, மன்னாருக்குப் போகேல்லையோ?"

நீர் தேத்தண்ணி கொண்டுவந்தீர். எனக்குச் சீனி போட்டிருந்தீர். அவரிடம் கேட்காமலே அவருக்குப் போடாமல் விட்டிருந்தீர்.

நான் கோபிக்கவில்லை. உம்மை எதைச் சொல்லி வெருட்டுகிறார்? அதை மட்டும் எழுதும்.

வெருட்டவில்லை என்றால், எழுத வேண்டாம்.

உம்முடைய மனுசன்