எனக்குச் சொன்ன நன்றி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இங்கே வேலை செய்யும் நாங்கள் மனம் தளரக் கூடாதாம். அதனால் திங்கட்கிழமைதோறும் காலைக் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியை ஏற்பாடு செய்தார். முதலில் பஸ் டிரைவர் அண்ணனுக்குச் சொன்னோம், பிறகு ஓவிய ஆசிரியைக்கு. கைதட்டிய அதே வாரத்தில் இருவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். செலவே இல்லாத பிரிவுபசாரம்!

இந்தத் திங்கட்கிழமை மேடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நம்ம கணக்கு சாருக்கு எல்லாரும் சத்தமா நன்றி சொல்லுங்க!" என்றார் தலைமையாசிரியை.

இறங்கி வந்ததும் விளையாட்டு ஆசிரியர் என் காதோரம் சொன்னார்: "ஆட்டுக்கு மாலை போட்டாச்சு தம்பி. இனி வெட்டறதுதான் பாக்கி."

சிரித்து வைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் விவரம் தெரியாமல், மனதாரத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் நன்றியையும் கத்தியாக்கிவிட்டார்களே என்றுதான் ஆத்திரம் வருகிறது.

இது என் வீண் சந்தேகமாகவும் இருக்கலாம். ஆனாலும் பீரோவில் என் சான்றிதழ்கள் இருக்கும் உறையைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். அம்மா கேட்டால், தூசி தட்ட எடுத்ததாகச் சொல்லுங்கள். வீட்டுச் சண்டைகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். இங்கே சண்டை போடக்கூட ஆளில்லை.

மணி அடித்துவிட்டது. வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகன்