நான் மாற்றிச் சொன்ன வார்த்தை

1938 ஆகஸ்ட், செவ்வாய்

மிஷன் பங்களா அம்மாவின் தங்கை, கப்பலில் வந்து இறங்கி இன்னும் ஒரு மாதம் ஆகாதவர், இன்று பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றைப் பார்க்கப் புறப்பட்டார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல, மிஷன் பள்ளி டீச்சரான நானும் கூடப் போனேன்.

போன இடத்தில் முனியம்மா என்பவளின் மகள் காய்ச்சலில் இறந்து கிடந்தாள். சின்னக் குழந்தை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். துரைசானியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் இப்படிக் கூச்சல் போடுகிறார்கள்? குழந்தை கடவுளிடம் போயிருக்கிறது. அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இந்தம்மாவும் உங்களோட சேந்து அழுவுறாங்க" என்று சொல்லிவிட்டேன். முனியம்மா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் மரம்போல் நின்றார்.

பங்களாவுக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "எங்கள் அம்மா இறந்தபோதுகூட நாங்கள் யாரும் சத்தம் போட்டு அழவில்லை" என்றார். அது கோபமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் முனியம்மாவின் தம்பி வந்தான். "புள்ளைய அடக்கம் பண்ணிட்டோமுங்க டீச்சரம்மா. எங்கக்கா நாளைக்கு இங்க வரணும்னு நிக்குது. அந்த வெள்ளக்காரம்மாவுக்குத்தான் தன் வயித்தெரிச்சல் புரிஞ்சுதாம்."

உள்ளே போய்த் துரைசானியிடம் சொன்னேன். "வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவளிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது?" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "வரச் சொல்லுப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

நாளை அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் என்னத்தைச் சொல்வேன்?