ஒஸ்ரினுக்கு நாங்கள் ஒத்துக்கொண்ட விலை

இணுவில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் டிலக்ஷிக்கு,

கந்தசுவாமியாரின்ரை புண்ணியத்திலை நானும் உன்ரை அப்பாவும் இஞ்சை சுகம், என்ரை முழங்காலையும் அவற்றை வாயையும் கணக்கிலை எடுக்காட்டில். உந்த நோர்வேக் குளிருக்குள்ளை நீயும் மருமகனும் தடிமன் காய்ச்சல் ஒண்டும் அண்டாமல் இருக்கவேணுமெண்டு நேற்றும் கோயிலிலை அர்ச்சனை செய்தனான், ஐயர் உன்ரை நட்சத்திரத்தைப் பிழையாய்ச் சொல்ல நான் சத்தமாய்த் திருத்தினதிலை முன்னுக்கு நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. நாளும் பொழுதும் போனிலை முகம் பாத்துக் கதைக்கிற அம்மா ஏன் திடீரெண்டு பேனை தூக்கினவள் எண்டு பயப்பிடாதை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. போனிலை கதைச்சால் அப்பா பக்கத்துக் கதிரையிலை இருந்து என்ரை ஒவ்வொரு வசனத்துக்கும் திருத்தம் போடுவார். இந்தக் கதையிலை அவர் திருத்தினால் என்ரை மானம் போயிடும், திருத்தாமல் விட்டால் அவற்றை மானம் போயிடும். அதாலை எழுதிப் படமெடுத்து வட்சப்பிலை அனுப்பிறன், வாசிச்சிட்டு உன்ரை பாட்டிலை சிரி.

கதை எங்கடை காரைப் பற்றினது. போன வருசம் கோண்டாவில் சந்தியிலை வெங்காய மூட்டையோடை வந்த லான்மாஸ்ரர் உழவு மிசின் எங்கடை ஒஸ்ரின் ஏ40இன்ரை இடப்பக்க மட்காட்டை உரசிப்போட்டுப் போனது உனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் வந்து, ஐயா இது எழுபது வருசத்துக் கார், இண்டைய சந்தையிலை இதுக்குப் பெறுமதி எண்டு ஒண்டும் இல்லை எண்டு சொல்லி ஏதோ ஒரு சில்லறைத் தொகையை நீட்டினதும், அப்பா அதைத் தொடாமல் தன்ரை பென்சன் காசிலை மட்காட்டைத் தட்டி எடுத்ததும் தெரியும். உனக்குத் தெரியாதது என்னெண்டால், அண்டைக்கு அவர் சோத்திலை கை வைக்கேல்லை. கொம்பனி காருக்குச் சொன்ன விலையைத் தனக்குச் சொன்ன விலை எண்டு எடுத்திட்டார். நானும் நல்ல மனுசி, ஆறுதல் சொல்லுறதை விட்டுட்டு, காருக்கு எண்டாலும் ஏதோ தாறம் எண்டவங்கள், உங்களைக் கொண்டுபோய் நிப்பாட்டியிருந்தால் நாங்களெல்லோ காசு குடுத்திருக்கவேணும் எண்டு பகிடி விட்டன். மனுசன் சிரிக்கேல்லை. முப்பது வருசமாய் என்ரை பகிடிக்குச் சிரிக்காட்டியும் மூக்காலை எண்டாலும் ஒரு சத்தம் விடுற மனுசன், அண்டைக்கு அதுவுமில்லை.

பிறகுதானே நீ போனிலை விளங்கப்படுத்தினாய், இணங்கிய பெறுமதி எண்டு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு, பழைய கார் வைச்சிருக்கிறவை அதைத்தான் எடுக்கவேணும் எண்டு. எனக்கு அது கலியாணப் பேச்சு மாதிரித்தான் விளங்கினது. மற்ற இன்சூரன்சிலை கார் அடிபட்ட பிறகு அவங்கள் வந்து விலை சொல்லுவாங்கள், இதிலை முதலே ரெண்டு பகுதியும் இருந்து கதைச்சு, இந்தக் கார் இவ்வளவு பெறும் எண்டு ஒத்துக்கொண்டு எழுதிப்போட்டால் பிறகு ஒருத்தரும் கதை மாறேலாது. ஆனால் குறைச்சு எழுதினால்தான் ஆபத்து எண்டும் நீதான் சொன்னாய், திருத்துற செலவு அந்தத் தொகையைக் கிட்டினால் முழுச் சேதம் எண்டு சொல்லி, எழுதின காசைக் கையிலை தந்திட்டுக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு. உதைக் கேட்ட நாளிலையிருந்து அப்பா லான்மாஸ்ரர் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் படலையைச் சாத்திறார்.

உன்ரை சொல்லைக் கேட்ட மனுசன் எனக்கு ஒரு வசனம் சொல்லாமல் புதுக் கொம்பனி ஒண்டிலை போய்ப் பதிஞ்சுபோட்டு வந்திருக்கிறார். சொன்னால் வருசாவருசம் கட்டுற கட்டுப்பணம் கூட எண்டு நான் கத்துவன் எண்டு பயமாம். கத்தித்தான் இருப்பன், அது வேறை கதை. அவசரம் என்னெண்டால், பழைய இன்சூரன்ஸ் இண்டைக்கு ராவோடை முடியுது, நாளைக்குக் குருநகரிலை சிமியோனின்ரை மகள் லவீனாவுக்குக் கலியாணம். நல்ல விளைமீன் வலையிலை பட்டால் விக்கிறதுக்கு முதல் எங்கடை படலையிலை வந்து நிக்கிற மனுசனெல்லோ சிமியோன், பொம்பிளையைத் தேவாலயத்துக்கு என்ரை காரிலைதான் கொண்டுபோறது எண்டு அப்பா அவருக்கு வாக்குக் குடுத்திட்டார். இன்சூரன்ஸ் இல்லாமல் அப்பா காரைக் கராஜாலை வெளியிலை எடுக்கமாட்டார், பிறத்தியாற்றை பிள்ளையை ஏத்திக்கொண்டு எடுக்கவே மாட்டார்.

புதன்கிழமை அப்பா சந்தைக்குப் போன நேரம் பாத்து ஒரு தம்பி வந்து படலையைத் தட்டினார். நல்ல சேட்டு, தோளிலை ஒரு பை. அக்கா, காரைப் பாக்க வந்தனான், ஐயா நிக்கிறாரோ எண்டார். பழைய கார் எங்கை கிடக்கெண்டு மோப்பம் பிடிச்சு விலைக்குக் கேட்டுக்கொண்டு கொழும்பாலை மாதத்துக்கு ஒருத்தன் வாறவன், இதுவும் அந்தச் சாதிதான் எண்டு நினைச்சிட்டன். எங்கடை ஆக்கள் ஆரும் ஒரு பொருளை நல்லமெண்டு பிறத்தியாருக்கு வாயாலை சொல்லுவினமே பிள்ளை? மாமரம் முறிய முறியக் காய்ச்சாலும் இந்த முறை எல்லாம் பூச்சி எண்டுவம், பிள்ளை நல்லாய்ப் பாஸ் பண்ணினால் ஏதோ தட்டித்தடவித் தப்பினது எண்டுவம். நீ நோர்வேக்குப் போனபோது நாவூறு பட்டிடும் எண்டு பயந்து, அங்கை சாப்பாட்டுக்கே கஷ்டமாம் எண்டு பக்கத்து வீட்டு நல்லம்மா அக்காவுக்குச் சொன்னவள் நான், அந்த மனுசி அதை நம்பி உனக்கு அனுப்பச் சொல்லி ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கொண்டுவந்து தந்தது. அப்பிடிப்பட்டவளிட்டை வந்து கார் எப்பிடியக்கா எண்டு கேட்டால்? நான் தொடங்கினன். தம்பி, இதெங்கை ஓடுது, சும்மா கிடக்குது. எஞ்சின் எண்ணெய் வடிக்கும், மழை வந்தால் உள்ளுக்குக் குடை பிடிக்கவேணும், வளைவிலை திருப்பினால் கதவு தன்ரை பாட்டிலை திறக்கும், பின்சீற்றிலை கோழி அடை கிடக்குது எண்டன். பொனற்றைத் திறக்கலாமோ எண்டு கேக்க, திறப்பு துலைஞ்சு கனகாலம் எண்டன். திறப்பு என்ரை இடுப்பிலை கிடக்குது. அந்தத் தம்பியும் தலையை ஆட்டி ஆட்டி எழுதினது, கராஜ் வாசலிலை நிண்டு ரெண்டு படம் எடுத்தது, நான் குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாறனக்கா எண்டு போச்சுது. வாங்க வந்தவனை விரட்டிப்போட்டன் எண்ட சந்தோசப் புழுகத்திலை அண்டைக்கு நான் பாட்டும் படிச்சனான்.

அடுத்தநாள் கொம்பனியிலையிருந்து போன் வந்தது. அப்பா ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார். மதிப்பிட வந்தவர் நாலு இலட்சம் எண்டு எழுதியிருக்கிறாராம், ஒப்பம் வைச்சால் நாளைக்கே காப்புறுதி தரலாமாம். நாலு இலட்சத்துக்கு இண்டைக்கு ஒரு ஒழுங்கான மோட்டச்சைக்கிள் வராது பிள்ளை, ஒரு மட்காட்டும் ஒரு கண்ணாடியும் உடைஞ்சால் முழுச் சேதம் எண்டு காரை இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமோ? விடுமப்பா, ஊருலகம் எல்லாம் அதைத்தானே சொல்லுது, நானெல்லோ விசரன், ஒப்பம் வைச்சிட்டு விடுவம், சனிக்கிழமை லவீனாவை ஏத்தவேணும் எண்டார். மெதுவாய்ச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்திப்போட்டு அடுப்படிக்குப் போயிருப்பன். மெதுவாய்ச் சொன்னதைத்தான் என்னாலை தாங்கேலாமல் போச்சு. இஞ்சாருங்கோ, அந்தத் தம்பி வந்தது எனக்கு முன்னாலைதான், உதெல்லாம் நான் சொன்ன கதை எண்டு ஒண்டும் விடாமல் சொன்னன், கோழி அடை கிடந்ததையும் சேர்த்து. மனுசன் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, எங்களிட்டைக் கோழியே இல்லையே எண்டார். அவ்வளவுதான் கேட்டார்.

நானே கொம்பனிக்குப் போன் எடுத்து அழாக்குறையாய்க் கதைச்சு அந்தத் தம்பியை இண்டைக்குக் காலமை திரும்ப வரப் பண்ணினன். பேர் தில்லைநாதன், அரியாலைப் பிள்ளை. வந்தவுடனை என்னைக் கண்டு ரெண்டடி பின்னுக்குப் போச்சுது. அக்கா, நீங்கள் சொன்னதைத்தானே எழுதினனான், இப்ப வேறை என்ன உடைஞ்சுபோச்சு எண்டு கேட்டுது. அப்பா காரை வெளியிலை எடுத்து, ஒரு திருப்பிலை ஸ்ராட் பண்ணிக் காட்டினார். தம்பி அடியிலை படுத்துப் பாத்து, பொனற்றைத் திறந்து பாத்து, ஒரு சுத்து ஓடியும் பாத்திட்டு, இப்பிடி வைச்சிருக்கிற கார்கள் கொழும்பிலை இருபதுக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடையிலை போகுது ஐயா, ஆனால் திருத்தின விபரம், ஓடின விபரம் எல்லாம் எனக்குச் சொல்லவேணும், நான் எழுதினால்தான் கொம்பனி ஒத்துக்கொள்ளும் எண்டார். அப்பாவெண்டால் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். தன்ரை பொருளைத் தானே புகழுறதோ எண்டு வெக்கம், என்னையும் விட மோசமான இணுவிலான்.

அப்ப நான் தொடங்கினன். தம்பி, நல்லாய் எழுதிக்கொள்ளும், பெற்றோல் இல்லாத யுத்த காலத்திலை சேலைன் போத்தலாலை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்துப் பிறகு மண்ணெண்ணெயிலை ஓடின கார் இது, இந்த ஒழுங்கையிலை ஆருக்கு வருத்தமெண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினது, ஒருத்தரும் நடுவழியிலை இறங்கி நடக்கேல்லை எண்டன். இடம்பெயர்ந்து போட்டுத் திரும்பி வரேக்கை சில்லுமில்லை சீற்றுமில்லை, வெறும் கோது, பழைய இரும்புக்குக் குடுங்கோ எண்டு நான் நிண்டு சண்டை பிடிச்சனான், இவர் கேக்கேல்லை, ஒவ்வொரு சாமானாய்த் தேடி, இல்லாததைத் தானே அராவி, கையெல்லாம் கொப்பளிச்சு நிண்டது எண்டன். என்ன கோவம் வந்தாலும் கதவை அடிச்சுச் சாத்தினதில்லை, பிறத்தியாற்றை பிள்ளையளை இறக்கிவிட்டால் அதுகள் வீட்டுக்குள்ளை போகுமட்டும் நிண்டுதான் போறது, நான் ஏறி இருந்து சீலையை ஒதுக்குமட்டும் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை எண்டன். வாய் என்ரை வாய்தான், ஆனால் ஆரோ கதைக்கிற மாதிரி இருந்தது. தில்லைநாதன் பேனையை நிப்பாட்டிப்போட்டு, அக்கா குறை நினைக்காதேங்கோ, இதிலை எது கார் எது ஐயா எண்டு எனக்குப் பிரிச்செழுதேலாமல் கிடக்கு எண்டார். அப்பா கராஜ் மூலையிலை கிடந்த ரயரைக் கனநேரமாய்த் துடைச்சுக்கொண்டு நிண்டார். அதிலை ஊத்தையே இல்லை.

சரி, தொகையைச் சொல்லுங்கோ எண்டு தம்பி கேக்க, அப்பா இருபது எண்டார். நான் முப்பது எண்டன். உமக்கு என்ன விசரோ, கட்டுப்பணம் ஆர் கட்டுறது எண்டார் அவர். நான் கட்டுறன், முட்டை வித்து எண்டன். கோழி எங்கை எண்டார். வாங்குவம் எண்டன். நான் ஏத்த அவர் இறக்க, அவர் இறக்க நான் ஏத்த, தில்லைநாதன் பாவம், உங்கடை தொகைக்கும் கொம்பனி ஒத்துக்கொள்ளவேணும் அக்கா, முதல் நீங்கள் ரெண்டுபேரும் ஒத்துக்கொண்டிட்டுச் சொல்லுங்கோ எண்டிட்டுத் தேத்தண்ணியோடை முத்தத்திலை போய் இருந்திட்டார். இருபத்தைஞ்சிலை வந்து நிண்டம். மத்தியானம் கொம்பனியும் சரியெண்டு காப்புறுதிப் பத்திரத்தைப் போனுக்கே அனுப்பிவிட்டுது. நாளைக்குக் காலமை வெள்ளனக் குருநகருக்குப் போறம், நான் முன்சீற்றிலை, லவீனாவின்ரை வெள்ளை உடுப்புப் பின்சீற்று முழுக்க வேணுமாம்.

உனக்கு அம்மா சொல்லுறது ஒண்டுதான் பிள்ளை. மருமகன் சமைச்சால் உப்புக் கூட எண்டு போனிலை எனக்குச் சொல்லிச் சிரிக்கிறாய், நானும் சிரிக்கிறன். நல்லாய் இருக்கிற நாளிலை அந்தப் பிள்ளைக்குக் கேக்கத்தக்கதாய் நல்லாய் இருக்கெண்டு ஒருக்கால் சொல்லு. எனக்கு அதுக்கு ஒரு இன்சூரன்ஸ்காரன் வரவேண்டிக் கிடந்தது.

மற்றும்படி புதினம் ஒண்டுமில்லை. காதை மூடிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ, மருந்துக் குளிசையை வெறுவயித்திலை போடாதை. அப்பன் முருகன் உங்கள் ரெண்டுபேரையும் ஒரு குறையும் விடாமல் பாத்துக்கொள்ளட்டும். அப்பாவிட்டை இந்தக் கதையை மட்டும் எடுத்திடாதை. தில்லைநாதன் போன பிறகு அவர் அடுப்படி வாசலிலை வந்து நிண்டு, இஞ்சேரும், உதெல்லாம் மெய்யாத்தான் சொன்னனீரோ, இல்லை இன்சூரன்சுக்காகச் சொன்னனீரோ எண்டு கேட்டார். இன்சூரன்சுக்குத்தான் எண்டன். மூக்காலை ஒரு சத்தம் வந்தது.

என்றும் உன்ரை
அம்மா உதயகலா